கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு குட்டை

தெற்குச் சென்னையில், கடலிலிருந்து நாலைந்து தெரு உள்ளே இருக்கும் ஒரு சிறிய இயற்கை மையத்தில் பிள்ளைகளுக்காக ஒரு குட்டை செய்தோம். தரையில் தோண்டியது இல்லை. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இறக்குவார்களே, அந்த சிமெண்ட் உறைதான். மூன்றடி விட்டம், ஓரடி உயரம். இரண்டு உறையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அடியில் தளம் போட்டு, மழைத் தண்ணீர் பிடித்து, நாலாவது ஐந்தாவது படிக்கும் பிள்ளைகள் கையில் வலையும் வெள்ளைத் தட்டும் கொடுத்தோம். பள்ளிக்கூடத்திலோ அடுக்ககத்திலோ யாராவது செய்து பார்க்க நினைத்தால் உதவட்டும் என்று அளவுகளோடு எழுதுகிறேன்.

சென்னையில் பிள்ளைகளுக்குக் காட்ட நீர்நிலையே இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அடையாறு உப்பங்கழியை ஒட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011 முதல் இருக்கிறது. அங்கெல்லாம் போய்வந்த பிள்ளைகளிடம் கேட்டால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை என்று பெயர் சொல்வார்கள். ஆனால் எல்லாம் தூரத்தில். பைனாகுலரைக் கையில் கொடுத்தால் இரண்டு நிமிஷம் பார்ப்பார்கள், அப்புறம் கீழே குனிந்து கல்லைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். பத்து வயசில் கை சும்மா இருக்காது. சதுப்பு நிலத்தில் வலை போட விட மாட்டார்கள், விடவும் கூடாது. நமக்கு வேண்டியது, பிள்ளைகள் கலக்கினாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய தண்ணீர். அந்தக் காலத்தில் தெருமுனைக் குட்டையும் கோயில் குளத்துப் படியும் அதைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தன. இப்போது மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தி. நகரைக் கட்டினார்கள்.

இடம் பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். மையத்தில் நிழலான மூலை என்றால் பூவரச மரத்தடிதான். எல்லோரும் அங்கே வைக்கச் சொன்னார்கள். பூவரசு வருஷம் முழுக்க இலை கொட்டும். இலை அடியில் அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து நாற ஆரம்பிக்கும். முழு வெயிலில் வைத்தாலோ மே மாதத்தில் தண்ணீர் கொதிக்கும். அதனால் காலை வெயில் விழுந்து, மதியத்துக்கு மேல் கட்டட நிழல் வரும் கிழக்குச் சுவர் ஓரமாக வைத்தோம். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் பக்கத்திலேயே வருவது இன்னொரு வசதி.

அப்புறம் உயரம். நான் அதிகம் மண்டையைக் குடைந்தது இதில்தான். தரை மட்டத்துக் குட்டை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிள்ளைகள் குப்புறப் படுத்துத்தான் பார்க்கவேண்டும். நடை பழகும் குழந்தை ஒன்று வந்து விழுந்தால் கதை முடிந்தது. இடுப்பளவு உயரமாக வைத்தால் சின்னப் பிள்ளைக்குத் தண்ணீரே தெரியாது. கடைசியில் அரை அடி மண்ணுக்குள், ஒன்றரை அடி வெளியே என்று முடிவு செய்தோம். எட்டு வயசுப் பிள்ளை முட்டி போட்டால் விளிம்பு அக்குளுக்குக் கொஞ்சம் கீழே வரும். தண்ணீர் ஆழம் ஒன்றேகால் அடி. கையை நீட்டினால் அடி மண்ணைத் தொடலாம். அவ்வளவு தண்ணீர்கூடக் கைக்குழந்தைக்கு ஆபத்துதான், அதனால் மேலே வெல்டு மெஷ் அடித்த இரும்புச் சட்டம் ஒன்று செய்து, கீல் வைத்துப் பூட்டுப் போட்டாயிற்று. பெரியவர் ஒருவர் இல்லாமல் பூட்டு திறக்காது.

உறை இறக்கிய மேஸ்திரி, "எத்தனை வீட்டுக்கு சார் செப்டிக் டேங்க்?" என்றுதான் ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னதும், "எங்க ஊர்ல ஏரியே இருக்கு, பிள்ளைங்களை அனுப்புங்க" என்று சிரித்தார். செங்கல்பட்டுப் பக்கம் அவர் ஊர். பின்னால் அவர்தான் பல விஷயத்துக்கு வழி சொன்னார்.

இந்தப் பக்கமெல்லாம் மணல் பூமி. வெறும் மணலில் உறையை வைத்தால் ஒரு பக்கம் இறங்கிவிடும். அதனால் குழியைத் தண்ணீர் ஊற்றித் திமிசு போட்டு இறுக்கி, கோழிவலை விரித்து, சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவையில் மூன்று அங்குலத் தளம் போட்டோம். தளம் ஈரமாக இருக்கும்போதே முதல் உறை. இரண்டு உறைக்கும் நடுவே ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவை, நீர்க்கசிவு தடுக்கும் மருந்து கொஞ்சம் சேர்த்து. தளமும் உறையும் சேரும் மூலையில் கலவையைக் கட்டைவிரல் அகலத்துக்கு வளைவாகப் பூசச் சொன்னேன். கசிவு அந்த மூலையில்தான் தொடங்கும். விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே ஒரு அங்குல பிவிசி குழாய் வைத்து வழிந்தோட வழி செய்து, அதன் வாயில் நைலான் வலை கட்டினோம். உறையின் மேல் விளிம்பு கரகரவென்று கை கிழிக்கும் மாதிரி இருக்கும். அதை உருண்டையாகப் பூசி மழமழப்பாக்காமல் பிள்ளைகளை அண்ட விடக்கூடாது. ஈரச் சாக்கு போட்டுப் பத்து நாள் போல நனைத்துக்கொண்டே இருந்தோம்.

புது சிமெண்ட் தொட்டியில் உடனே உயிர் எதுவும் தங்காது. சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் நிரப்பி, நாலு நாள் வைத்து, கொட்டி, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி என்று சில வாரம் போகும். எப்போது போதும் என்று பார்க்கக் கடையில், காரம் எவ்வளவு என்று நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாள் கிடைக்கிறது. நாங்கள் வேலியில் படர்ந்திருந்த நீலச் சங்குப்பூவைப் பறித்தோம். பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலச் சாறு வரும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி ரோஜா நிறத்துக்குப் போகும். சுண்ணாம்புத் தண்ணீரில் பச்சையாகும். முதல் தடவை தொட்டித் தண்ணீரில் சாற்றை விட்டதும் பளிச்சென்று பச்சை. பிள்ளைகள் விடவில்லை. குழாய்த் தண்ணீர், கடல் தண்ணீர், சோப்புத் தண்ணீர், ஒருத்தன் கொண்டுவந்த கோலி சோடா எல்லாவற்றிலும் சாறு விட்டுப் பார்த்தார்கள். மஞ்சள்தூளும் இதற்கு உதவும், சுண்ணாம்பு பட்டால் குங்குமச் சிவப்பாகிவிடும். வாரா வாரம் தொட்டித் தண்ணீரில் பச்சை குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நீலமாகவே நின்றது. குட்டை வருவதற்கு முன்னாலேயே நல்ல பாடம் ஒன்று நடந்துவிட்டது. கழுவி ஊற்றிய சுண்ணாம்புத் தண்ணீரைச் செடிக்கு மட்டும் விடாதீர்கள்.

எந்தத் தண்ணீரை விடுவது? எங்கள் போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1,600-ஐத் தாண்டுகிறது. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற தொட்டியில் இரண்டு நாள் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மொட்டைமாடி மழைத் தண்ணீரில் அதே மீட்டர் 30-க்குக் கீழே காட்டியது. ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியதே வடகிழக்குப் பருவமழைக்குத் தொட்டி தயாராக வேண்டும் என்றுதான். முதல் மழையின் தண்ணீரை விட்டுவிட்டோம், காக்கா எச்சமும் தூசியும் அதோடு போகட்டும் என்று. அடுத்த மழையில் குழாயைத் தொட்டிக்குத் திருப்பினோம். ஐப்பசி மழை ஒன்று நன்றாகப் பிடித்தால் போதும், மூன்றடி உறை ஒரே ராத்திரியில் நிரம்பி வழிகிறது.

உள்ளே ஒரு பக்கம் கருங்கல்லை விளிம்புவரை சரிவாக அடுக்கினோம், தவளை ஏறி வெளியே போக. வழுவழு சுவர்த் தொட்டியில் இது இல்லாவிட்டால் குட்டித் தவளைகள் மூழ்கிச் சாகும். அடியில் நாலு அங்குலம் மணல். ஒரு சட்டியில் அல்லி, இன்னொன்றில் கோரை, கொஞ்சம் வேலம்பாசி. ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம். சும்மா கிடைக்கிறது, பூவும் அழகு என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து தருவார்கள். கொஞ்ச நாளில் தண்ணீரையே மூடிவிடும்.

மேஸ்திரி ஊருக்குப் போனபோது அவர் ஏரியிலிருந்து ஒரு டப்பா காய்ந்த வண்டல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கட்டி கட்டியாகச் செத்துப்போன மண். அதில் ஒரு பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மழைத் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்தோம். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஏதேதோ துள்ளித் துள்ளி நீந்துகின்றன. தண்ணீர்த் தெள்ளு. ஏரி வற்றும்போது இவை கெட்டி ஓடு போட்ட முட்டையை விட்டுவிட்டுப் போகும். அந்த முட்டை கோடை முழுக்க மண்ணில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். "அப்ப எங்க ஸ்கூல் கிரவுண்டு மண்ணையும் போட்டுப் பாக்கலாமா?" என்று ஒரு பெண் கேட்டாள். போட்டோம். ஒன்றும் வரவில்லை. அதையும் நோட்டில் எழுதச் சொன்னேன். வராதது ஏன் என்று அன்றைக்கு நடந்த விவாதம், வந்ததைப் பார்த்தபோது நடந்ததைவிட நன்றாக இருந்தது. மீதி வண்டலைத் தொட்டியில் கரைத்தோம். செடிகளையும் இந்த மண்ணையும் தவிர வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து விடவில்லை. மீன் விடுங்கள், ஆமை விடுங்கள் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வருவது வரட்டும் என்று இருந்தோம்.

முதலில் வந்தது கொசு. வேறு எது வரும்! புதுத் தண்ணீரைக் கண்டுபிடிப்பதில் கொசுவை மிஞ்ச ஆள் இல்லை. அதைத் தின்னும் பூச்சிகள் வந்து சேரச் சில வாரம் ஆகும். இந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதுதான் சென்னையில் குட்டை வைப்பவருக்குப் பெரிய கேள்வி. டெங்கு பரப்பும் ஏடிஸ் சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும் அனாஃபிலிஸ் வகை ஒன்று இந்த ஊருக்கு மலேரியா கொண்டுவருவது. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். வாரம் ஒரு தடவை பாத்திரத்தைக் கொட்டிக் கழுவச் சொல்வது இதனால்தான். எங்கள் தொட்டியைக் கொட்ட முடியாது, ஆனால் வடிகட்டலாம். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு தினம் சாயங்காலம் டீ வடிகட்டியோடு வந்தார்கள்.

வடிகட்டுவதிலும் கற்றுக்கொள்ள இருக்கிறது. நெளியும் புழு இன்னும் சில நாள் புழுவாகவே இருக்கும். கமா மாதிரி சுருண்டு துள்ளுவது கூட்டுப்புழு. தீனி எடுக்காது, இரண்டொரு நாளில் கொசுவாகிவிடும். அதனால் முதலில் கமாவைப் பிடிக்கவேண்டும். புழு தலைகீழாகத் தண்ணீரில் தொங்கினால் ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ். மேல்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் அனாஃபிலிஸ். இரண்டாவது வாரமே பிள்ளைகள் என்னைவிட வேகமாக வகை சொன்னார்கள். பத்துப் புழுவை மட்டும் பாட்டிலில் விட்டு வாயைக் கொசுவலையால் கட்டி மேஜையில் வைத்தோம். கொசு வெளியே வந்த அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்! கொசுத் தொல்லையோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஆனால் கொசு தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அடுத்த வாரம் ஒருத்தி தன் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டிலிருந்து புழுவோடு தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் அம்மாவுக்கு என்மேல் கொஞ்சம் கோபம்.

அதற்குள் தட்டான்கள் வந்துவிட்டன. மழைக்கு முன்னும் பின்னும் மைதானத்தின் மேலே கூட்டமாகப் பறக்குமே மஞ்சள் தட்டான், அது இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவரை போகும் இனம். பெண் தட்டான் வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். பளபளப்பான கார் பானெட்டையும் தண்ணீர் என்று ஏமாந்து தட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் இரண்டிலும் ஒரே மாதிரி பட்டுத் திரும்புவதுதான் காரணம். எங்கள் வாசலில் நிற்கும் கறுப்புக் காரின் மேல் இது நடப்பதைப் பிள்ளைகள்தான் எனக்குக் காட்டினார்கள். மல்லாக்க நீந்தும் பூச்சிகள் ராத்திரியில் பறந்து வந்து இறங்கியிருந்தன. அப்புறம் தட்டையான பழுப்பு நிற நீர்வண்டு மாதிரி ஒன்று, முதுகு முழுக்க முட்டை அடுக்கிக்கொண்டு. அது வண்டு இல்லை, மூட்டைப்பூச்சிச் சாதி. முட்டையைச் சுமப்பது ஆண். பெண் பூச்சி அதன் முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும், பொரிக்கும்வரை சுமப்பது அப்பன் பொறுப்பு. "எங்க அப்பா ஸ்கூல் பேக்கே தூக்க மாட்டாரு" என்றான் ஒரு பொடியன். இந்தப் பூச்சியும் மல்லாக்க நீந்துவதும் கடிக்கும், கையால் தொடக்கூடாது, கரண்டியால்தான்.

கரண்டி என்றதும் சாமான் விஷயம். கடையில் கிடைக்கும் மீன் தொட்டி வலை சின்னது, காம்பு குட்டை, பச்சை நிறத்தில் வரும். பச்சை வலையில் பூச்சி தெரியாது. தரை துடைக்கும் மாப்பின் காம்பை இரண்டரை அடியாக வெட்டி, கெட்டியான ஜிஐ கம்பியை வட்டமாக வளைத்துச் செருகி, வெள்ளைக் கொசுவலைத் துணியில் பை தைத்தோம். பை ஆழமாக இருக்கக்கூடாது. அரை அடி போதும். ஆழமானால் பூச்சி மடிப்பில் மாட்டி நசுங்கும். இந்த இடத்தில் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். அதுவரை அடுக்ககத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்க, இவர்கள் பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள். கம்பியில் துணியைக் கட்டும்போது என் முடிச்சு நழுவுவதைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "அங்கிள், இப்படிப் போட்டா நிக்காது" என்று வாங்கி, வலைக்காரர் முடிச்சைப் போட்டுக் காட்டினான். அவன் தாத்தா கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்ப்பவர். அன்றையிலிருந்து வலைப் பொறுப்பு அவன் கூட்டத்திடம்தான். தண்ணீரில் எட்டுப் போடுவது மாதிரி வலையை மெதுவாக ஓட்டினால் விலகிய பூச்சி திரும்பி வலைக்குள்ளேயே வந்துவிடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்களே.

தட்டு வெள்ளையாக இருக்கவேண்டும், அடி தட்டையாக. ஐஸ்கிரீம் குடும்பப் பெட்டி அருமையாகப் பொருந்துகிறது. எவர்சில்வர் தட்டு கூடாது, பளபளப்பில் ஒன்றும் தெரியாது. பூச்சியை எடுக்கப் பழைய வெள்ளை பிளாஸ்டிக் கரண்டி, சின்னதைத் தள்ள ஓவியத் தூரிகை, இங்க் ஃபில்லர். தட்டில் முதலில் தொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வலையைக் கவிழ்க்கவேண்டும். கவிழ்த்ததும் வெறும் சேறும் இலையும்தான் தெரியும். இங்கேதான் பிள்ளைகள் "ஒண்ணுமே இல்ல" என்று அடுத்த தடவை வலை போட ஓடுவார்கள். ஓட விடக்கூடாது. வாயை மூடிக்கொண்டு தட்டையே பார்க்கச் சொன்னால், ஒரு நிமிஷத்துக்குள் சேறு அசையும். அந்தச் சேற்றுத் துண்டுக்குக் கண் இருக்கும். தட்டான் குஞ்சு அப்படித்தான் கிடக்கும். அதன் பின்பக்கம் ஃபில்லரால் ஒரு சொட்டு சாயத் தண்ணீர் விட்டால், பின்னாலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி முன்னால் பாய்வது தெரியும். மூச்சு விடுவதும் அதே வழியில்தான். இதைச் சொன்னால் ஐந்து நிமிஷம் சிரிப்பு அடங்காது. அதற்கப்புறம் எந்தப் பிள்ளையும் அதை மறக்காது.

தட்டு நிழலில் இருக்கவேண்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் வைக்கக்கூடாது. தட்டான் குஞ்சையும் தலைப்பிரட்டையையும் ஒரே தட்டில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். அதையும் ஒரு தடவை பார்க்க விட்டேன், அழுத பிள்ளையும் உண்டு. கையில் காயம் இருந்தால் அன்றைக்கு நோட்டு எழுதும் வேலை மட்டும். எலிக்காய்ச்சல் பயம் இந்த ஊர் மழைக்காலத்தில் நிஜம். எலி வராமல் சுற்றிலும் குப்பை சேரவிடாமல் பார்த்துக்கொண்டோம், முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிஸ்கட் கிடையாது. பெயர் மனப்பாடம் செய்யச் சொல்வதே இல்லை. படம் வரையவேண்டும், கால் எத்தனை என்று எண்ணி வரையவேண்டும், பெயர் அவர்களே வைக்கலாம். எங்கள் நோட்டுகளில் "முதுகு நீச்சல்", "அப்பா பூச்சி", "ராக்கெட்" எல்லாம் இருக்கின்றன. சரியான பெயரை அப்புறம் அவர்களாகவே வந்து கேட்கிறார்கள்.

கார்த்திகையில் தொட்டிக்கு மேலே தொங்கிய கோரைத் தண்டில் வெள்ளையாக நுரை உருண்டை ஒன்று. யாரோ சோப்பு நுரையைக் கொட்டியிருக்கிறார்கள் என்று காவலாளி தண்ணீர் அடித்துக் கழுவப் போனார், பிள்ளைகள் பாய்ந்து தடுத்தார்கள். சுவரில் ஒட்டிக்கொள்ளும் தேரையின் கூடு அது. நுரைக்குள் முட்டை பொரித்து, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டும். தேரை உடம்பில் ஒட்டினால் விஷம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்ததால் பாதிப் பிள்ளைகள் முதலில் பத்தடி தள்ளி நின்றார்கள். சொட்டுவதைப் பார்க்கப் பார்க்கக் கிட்டே வந்துவிட்டார்கள்.

கொசு விஷயத்தில் பெற்றோர் சிலருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. கொளத்தூர் மீன் கடைகளில் கப்பி மீன் மலிவாகக் கிடைக்கும், வாங்கி விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார் ஒரு அப்பா. தப்பில்லாத யோசனைதான். ஆனால் மீன் கொசுப்புழுவோடு நிறுத்தாது, தட்டான் குஞ்சையும் தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தின்னும். பெருமழையில் வெளிநாட்டு மீன் வழிந்து கால்வாய்க்குப் போனால் இன்னொரு தலைவலி. கொசு ஒழிக்க என்று 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த காம்பூசியா அப்படித்தான் நாடு முழுக்கப் பரவி உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. வாதம் வளர்ந்தபோது, பேசுவானேன், செய்து பார்ப்போம் என்று பக்கத்திலேயே இன்னொரு ஜோடி உறை இறக்கினோம். அதே தண்ணீர், அதே வண்டல், அதே செடி. இதில் மட்டும் மேஸ்திரி ஊர் ஏரி மீன். தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும், மேல்மட்டத்திலேயே சுற்றும் சிறு மீன். முண்டக்கண்ணி என்கிறார் அவர்.

பொங்கலுக்குள் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. மீன் தொட்டியில் கொசுப்புழு அறவே இல்லை, தட்டான் குஞ்சும் அபூர்வம், தண்ணீர் பச்சையாகக் கலங்கி நின்றது. மீன் இல்லாத தொட்டியில் அடி மணல்வரை தெளிவு. பச்சைப் பாசியைத் தின்பது தண்ணீர்த் தெள்ளு; மீன் தெள்ளைத் தின்றுவிட்டால் பாசிக்குக் கொண்டாட்டம். இதை நான் விளக்கவில்லை. இரண்டு தொட்டித் தண்ணீரையும் இரண்டு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்து, எதில் என்ன குறைகிறது என்று மட்டும் கேட்டேன். பதில் வரச் சில வாரம் ஆனது. ஆறாவது படிக்கும் ஒரு பெண், மீனுக்கும் பச்சைக்கும் நடுவே தெள்ளை வரைந்து அம்புக்குறி போட்டுக் கொண்டுவந்தாள். மீன் இல்லாத தொட்டியிலும் அதற்குள் கொசுப்புழு தேடினால்தான் கிடைக்கும் என்ற நிலை. ஒரு பாட்டிலில் இருபது புழுவும் ஒரு தட்டான் குஞ்சும் சாயங்காலம் விட்டு, காலையில் எண்ணியபோது புழு ஒன்றுகூட இல்லை. கப்பி வாங்கச் சொன்ன அப்பா அந்தப் பாட்டிலை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மாநகராட்சியிலிருந்து கொசு பார்க்க வரும் அக்காவுக்கு முதலில் இந்தத் தொட்டிகளைக் கண்டதும் பதற்றம். மருந்து ஊற்றவேண்டும் என்றார். பிள்ளைகள் அவர் கையில் வலையைக் கொடுத்துவிட்டார்கள். அவர் தன் குவளையாலேயே பல இடத்தில் மொண்டு பார்த்தார், புழு கிடைக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் கவிழ்க்காமல் விட்டிருந்த ஒரு பூந்தொட்டித் தட்டில் புழு நிறையக் கிடைத்தது. இப்போது வாரா வாரம் தோட்டம் முழுக்க அப்படித் தட்டு, டப்பா, தேங்காய்த் தொட்டி தேடுவதும் பிள்ளைகள் வேலையில் சேர்ந்துவிட்டது.

கோடைக்கான ஏற்பாடு தனி. தொட்டியின் உள்சுவரில் சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கிறோம். மே மாதத்தில் தினம் அரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்குகிறது. மூன்றடி உறையில் ஒரு சென்டிமீட்டர் என்றால் சுமார் ஆறரை லிட்டர். பரப்பளவு கணக்கு படிக்கும் பிள்ளைகள் போட்டுச் சரிபார்க்கலாம். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும், மாதத்துக்கு மாதம் மீட்டர் ஏறும். அதனால் மழைத் தண்ணீரை மூடியும் வலையும் போட்ட ஒரு டிரம்மில் சேர்த்து வைத்து அதைத்தான் ஊற்றுகிறோம். அது தீர்ந்தால் ஆற வைத்த மெட்ரோ வாட்டர். மதிய வெயிலுக்குத் தென்னங்கீற்றுத் தட்டி பாதித் தொட்டிக்கு.

ஆனி ஆடியில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது அடிச்சேற்றில் பாதியை அள்ளவேண்டும், முழுவதும் அள்ளக்கூடாது. அள்ளிய சேற்றை உடனே கொண்டுபோகாமல், விளிம்பில் சரிவான பலகை மேல் ஒரு ராத்திரி வைத்தால் உள்ளே இருப்பவற்றில் நகரக்கூடியவை திரும்பத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். காலையில் மீதியைத் தட்டில் அலசிப் பார்த்துவிட்டு, கத்தரிப் பாத்திக்குப் போடுகிறோம். வலைத் துணி ஒரு பருவத்துக்குத்தான் தாங்குகிறது, வெயிலில் இற்றுவிடும். இந்த வருஷத்துக்குத் துணி வாங்கியாயிற்று. தைப்பதற்கு அந்தப் பையனின் தாத்தாவையே ஒரு சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். காலையில் கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பி வலை உதறி முடித்த பிறகுதான் வரமுடியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் அன்றைக்கு வகுப்பு பதினொரு மணிக்கு.